பூரியால் வந்த வினை

சங்ககிரியில் எங்களைப் போன்ற லாரிக்காரர் வீட்டுப் பெண்களுக்குக் கட்டுச்சோறு கட்டத் தெரியும். அந்தத் தைரியத்தில், மகள் சேர்ந்திருந்த சைக்கிள் குழுவின் முதல் பந்தயத்தன்று பூரி, கிழங்கு செய்து போட்டேன். பத்தாவது கிலோமீட்டரில் அவளுக்கு வாந்தி! "ஏம்மா, இட்லி போதும்னு சொன்னேனில்ல?" என்று அழுதாள்.

அந்த சீசன் முழுக்க 4 பெண்களின் சாப்பாடு, தூக்கம், டயர்க் கணக்கு எல்லாம் என் தலையில். பந்தயத்துக்கு 3 மணி நேரம் முன்பே இட்லி. எண்ணெய்ப் பலகாரம் கிட்டேயே வரக்கூடாது. நீண்ட தூரமானால் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வேண்டுமாம். 2 வாழைப்பழமும் உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீரும் கொடுத்தனுப்புவேன்.

வயிறு கெட்டால் பெரிய வீராங்கனையும் தவிக்கத்தான் வேண்டும். 2022 ஜூலையில் பிரான்சில் நடந்த பெண்கள் டூர் பந்தயம் 8 நாள். குழுவுக்கு 6 பேர். நெதர்லாந்தின் அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன் ஆரம்ப நாட்களில் வயிற்றுக் கோளாறால் துவண்டுபோனார். தோழிகள் துணை நின்றார்கள். கடைசி 2 நாளும் மலைப்பாதையில் முந்தி, பட்டத்தையே வென்றார். வயது 39!

ஆனால் துணை நிற்பது யார்? எல்லா அம்மாக்களுக்கும் தன் பெண் முன்னால் போக ஆசை. "லாரிக்குக் கிளீனர் மாதிரி, குழுவுக்கும் ஒருத்தி வேணுமில்ல?" என்றார் வீட்டுக்காரர். என் மகளையே தண்ணீர் பாட்டில் சுமக்கப் போட்டேன். இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த பந்தயத்தில் எல்லோருக்கும் பாட்டில் கொடுத்துவிட்டு ஒன்பதாவதாக வந்தாள். இறங்கியதும் கேட்டாள்: "அம்மா, இப்ப பூரி இருக்கா?"