30 கோடி என்றால் எதை எண்ணினார்கள்?

உலகத்திலேயே அதிகம் விற்ற வீடியோ கேம் எது என்று கேட்டால், இன்று வரும் பதில் மைன்கிராஃப்ட். கட்டைகளைத் தோண்டி எடுத்து, அடுக்கி, வீடோ கோட்டையோ கட்டிக்கொள்ள வேண்டியதுதான் ஆட்டம். ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009-இல், வேலை முடியும் முன்பே அதை விற்கத் தொடங்கிவிட்டார். முழு வடிவம் 2011-இல் வந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலர் கொடுத்து அவருடைய நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. 2023-இல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டியதாக அறிவித்தார்கள்.

2013-இல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 அதற்கு அடுத்து, 20 கோடிக்கும் மேல். இங்கேதான் கணக்கு கொஞ்சம் வழுக்குகிறது. பிளேஸ்டேஷன் 3-க்கு அதை வாங்கியவர் 4 வந்தபோது மறுபடி வாங்கியிருப்பார். 5 வந்தபோது இன்னொரு முறை. ஆள் ஒருவர், பிரதி மூன்று.

நின்டெண்டோவின் வீ ஸ்போர்ட்ஸ் 8 கோடியைத் தாண்டியது. ஆனால் 2006-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீ கருவியின் பெட்டிக்குள்ளேயே அந்த டிஸ்க் இருந்தது, கிரைண்டர் வாங்கினால் கூடவே வரும் தேங்காய்த் துருவி மாதிரி. ஜப்பானில் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். இதையும் விற்பனை என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பது என் கட்சி. துருவிக்காகவே கிரைண்டர் வாங்குகிறவர்களும் உண்டு.

பப்ஜி இதற்கு நேரெதிர். கணினியிலும் கன்சோலிலும் 2022 தொடக்கம் வரை காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. 7 கோடிக்கும் மேல் விற்றது. செல்போனில் அது இலவசம். உள்ளே உடைகளுக்கும் துப்பாக்கி வண்ணத்துக்கும் பையன்கள் எவ்வளவு கொட்டினாலும், விற்ற பிரதி என்று எழுத ஒன்றும் இல்லை.

எண்ணவே முடியாத ஆட்டம் டெட்ரிஸ். 1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் இருந்த அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. அவருடைய எலக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வராது, எழுத்து மட்டும்தான் வரும். எனவே அடைப்புக்குறிகளை ஒட்டவைத்தே சதுரங்கள் செய்தார். நான்கு சதுரங்கள் சேர்ந்த ஏழு வடிவங்கள்; மேலிருந்து விழ விழ, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். பிளாப்பியில் கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் பரவியது. யாரும் காசு கொடுக்கவில்லை.

உரிமையோ அரசின் கையில். 1989-இல் கேம் வெளியீட்டாளர் ஹெங்க் ராஜர்ஸ் மாஸ்கோவுக்கே போய், எலோர்க் என்ற அரசு நிறுவனத்தோடு பேசி, கையடக்கக் கருவிகளுக்கான உரிமையை வாங்கினார். நின்டெண்டோ அதைக் கேம் பாயோடு சேர்த்துக் கொடுத்தது. அந்த ஒரு வடிவம் மட்டும் சுமார் 3.5 கோடி. பஜித்னோவுக்கு ராயல்டி வரத் தொடங்கியது 1996-இல்தான்.

செல்போன் வரை வந்த எல்லா டெட்ரிஸையும் கூட்டி 50 கோடிக்கு மேல் என்கிறது டெட்ரிஸ் நிறுவனம். அப்படிப் பார்த்தால் மைன்கிராஃப்ட் இரண்டாமிடம். வடிவம் வடிவமாகப் பிரித்தால் டெட்ரிஸ் கீழே போய்விடும். தொண்ணூறுகளில் நம்மூர்ப் பொம்மைக் கடைகளில், சாம்பல் திரையும் அட்டையில் 9999 ஆட்டங்கள் என்ற பொய்யுமாக விற்ற பிரிக் கேமிலும் ஓடியது இதே ஆட்டம்தான். உரிமம் கிடையாது, ரசீதும் கிடையாது. அவை எத்தனை விற்றன என்று எந்தப் பட்டியலும் எழுதிவைக்கவில்லை.