ஷாக் பட்டனைத் தொட மறுத்தார், பிரஷ்ஷைக் கொடுத்தார்! - ஆழ்மனதைப் படங்களில் தேடிய பிரேசில் டாக்டர்

1944-ம் வருடம். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், எஞ்ஜென்யோ டி டென்ட்ரோ பகுதியிலிருந்த அரசு மனநல மருத்துவமனை. புதிதாக வந்த எலெக்ட்ரிக் ஷாக் மெஷினை டாக்டர் ஒருவர் இயக்கிக் காட்டுகிறார். அடுத்த நோயாளி வந்ததும், பக்கத்தில் நின்ற பெண் டாக்டரிடம் பட்டனை அழுத்தச் சொல்கிறார். முடியாது என்று மறுத்துவிடுகிறார் அவர்.

அவர் பெயர் நிசே ட சில்வேரா. பாஹியா மருத்துவக் கல்லூரியில் 150-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாகப் படித்து, 1926-ல் டாக்டரானவர். மார்க்சியப் புத்தகங்கள் வைத்திருந்ததற்காக 1936-ல் கைதாகி, ஒன்றரை வருடம் சிறையிலும் இருந்தவர். மேலிடத்தை எதிர்த்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

(இன்று இந்தச் சிகிச்சை மயக்க மருந்து கொடுத்துப் பாதுகாப்பாகச் செய்யப்படுகிறது, தீவிர மனச்சோர்வில் பலரைக் காப்பாற்றவும் செய்கிறது. அன்றைய நிலைமை வேறு.)

ஷாக் வேண்டாம், மூளை ஆபரேஷன் வேண்டாம் என்பவரை எங்கே போடுவது? யாரும் கண்டுகொள்ளாத ஆக்குபேஷனல் தெரபி பிரிவுக்கு வந்து சேர்ந்தார் நிசே. அங்கே தெரபி என்ற பெயரில் நோயாளிகளுக்குக் கிடைத்தது கூட்டித் துடைக்கும் வேலைதான். 1946-ல் அதே பிரிவில் ஓர் ஓவியக்கூடத்தைத் திறந்தார். துணைக்கு நின்றவர், அங்கேயே வேலை பார்த்த அல்மிர் மவின்யர் என்ற இளம் ஓவியர். பெயின்ட், பிரஷ், களிமண் எல்லாம் இருந்தன. எதை வரைய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

வீட்டை வரைந்தவர், பூவாக மாறியவர்

ஃபெர்னாண்டோ டினிஸ், தையல் வேலை செய்த ஏழைத் தாயின் மகன். நெரிசலான குடியிருப்பில் வளர்ந்தவர். அம்மா தைக்கப் போன பணக்கார வீடுகளைச் சிறுவயதில் பார்த்திருக்கிறார். ஆரம்பத்தில் அவர் படங்களில் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. பிறகு தரைப் பலகை, நாற்காலி, ஜன்னல் எனத் தனித்தனியாக வரைந்தார். கடைசியில் அவை எல்லாம் தத்தம் இடத்தில் உட்கார, முழு வரவேற்பறையே உருவானது. சிதறிப்போன ஒருவர் தன் உலகத்தைத் தானே அடுக்கிக்கொண்டிருக்கிறார் என்று நிசே புரிந்துகொண்டார்.

அடெலினா கோம்ஸ் கதை இன்னும் கனமானது. 18 வயதில் வந்த காதலை அம்மா ஏற்கவில்லை. பின்னர் மனநிலை பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்தார். அவர் பெயின்ட்டைத் தொட்டதும் வந்தவை, பூவாக மாறும் பெண்கள்! மரமாக மாறிய டாப்னேயின் கிரேக்கப் புராணத்தோடு இதை ஒப்பிட்டார் நிசே.

யுங்குக்குப் போன கடிதம்

பலருடைய படங்களில் வட்டங்கள் திரும்பத் திரும்ப வந்தன. மனச்சிதைவு என்றால் மனம் உடைந்துபோவது என்றுதானே பாடப் புத்தகம் சொல்கிறது... உடைந்த மனதிலிருந்து இவ்வளவு ஒழுங்கான வட்டம் எப்படி வரும்? 1954-ல் அந்தப் படங்களின் போட்டோக்களை உளவியல் மேதை கார்ல் யுங்குக்கு அனுப்பினார் நிசே. அவை மண்டலங்களே என்று பதில் வந்தது. சிதறும் மனம் தன்னைத்தானே சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறது என்பது அதன் பொருள். 1957-ல் சூரிச்சில் நடந்த இவர்களின் ஓவியக் கண்காட்சியைத் திறந்துவைத்தவரும் யுங்தான்.

1952-ல் நிசே தொடங்கிய ஆழ்மனப் படங்களின் அருங்காட்சியகத்தில் இன்று 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. அவ்வளவையும் சேர்த்துவைத்ததற்குக் காரணம் உண்டு. ஒற்றைப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒருவர் வரைந்தவற்றைத் தேதிவாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் உள்ளே நடப்பது புரியும் என்பது நிசேயின் வழி.

கறுப்பு கலர் அடித்தால் டிப்ரஷன், சிவப்பு என்றால் கோபம் என்று ரீல்ஸில் சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. உங்கள் குழந்தை நாளைக்கே ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு அடித்துக்கொண்டு வந்தால், பதற வேண்டாம். மற்ற க்ரேயான்கள் தீர்ந்துபோயிருக்கலாம். 'இதுல என்ன நடக்குது, சொல்லேன்' என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.