வேங்கடமும் அகவலோசையும்

வேங்கட மலை இன்று ஆந்திர மாநிலத்துத் திருப்பதி மாவட்டத்தில் உளது. 2022-ஆம் ஆண்டிற்கு முன்னர் அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்தின் வட எல்லையாகக் குறிக்கும் மலையும் இதுவே. இதற்கு அப்பால் வேற்றுமொழி வழங்கும் நாடு. ஆதலின் சங்கப் புலவர் பலர், பொருள் தேடிப் பிரிந்த தலைவன் கடந்து செல்லும் எல்லையாக இம்மலையைப் பாடினர். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இப்பிரிவு பழங்கதையன்று.

மாமூலனார் பாடிய அகநானூற்று 61-ஆம் பாட்டினை எடுத்துக்கொள்வோம். அந்நூலில் ஒற்றைப்படை எண் பெற்ற பாட்டுக்கள் யாவும் பாலைத் திணையின. தலைவன் பிரிந்தமையால் மெலிந்த தலைவியைத் தோழி தேற்றுகின்றாள். கள்வர் தலைவனாகிய புல்லியின் விழாச் சிறப்புடைய வேங்கடத்தையே பெறினும், பொதினியை ஒத்த நின்னைத் தழுவுதலை மறந்து அவர் அங்குத் தங்குதல் அரிது என்பது அவள் கூற்று. பொதினி என்பது இன்றைய பழனி. காதலர் இருவர்க்கும் பெயர் இல்லை. அஃது அகத்திணை மரபு. மலைகளுக்கோ பெயர் உண்டு.

இதன் யாப்பு நேரிசை ஆசிரியப்பா. இதனை அகவல் என்றும் வழங்குவர். இப்பாவிற்குச் சிறப்பாக உரியவை ஈரசைச் சீர்கள் நான்கு. நாம் நன்கறிந்த ஊர்ப்பெயர்களைக் கொண்டே அவற்றை நினைவிற் கொள்ளலாம். சித்தூர் என்பது நேர் நேர், தேமா. பொதினி என்பது நிரை நேர், புளிமா. திருப்பதி என்பது நிரை நிரை, கருவிளம். வேங்கடம் என்பது நேர் நிரை, கூவிளம்.

அடிதோறும் நான்கு சீர்கள் வரும். ஈற்றயலடியில் மட்டும் மூன்றே வரும். பாட்டு ஏகாரத்தில் முடியும். வெண்பாவைப் போல் ஓசை செறிந்து நில்லாமல், பேசுவார் குரல்போல் அகவல் அடி கடந்து ஓடும். எனவே தோழியின் நீண்ட தொடர் வேங்கடத்திற் புறப்பட்டு, அரிது என்று மறுத்து, பொதினியை அடைந்த பின்னரே நிறைவுறுகின்றது. வடக்கே சென்ற தலைவனின் நெஞ்சம் தெற்கே மீளும் என்னும் பொருளைச் சொற்களின் வரிசையே காட்டுகின்றது. ஒரு சீர் குறைந்த ஈற்றயலடியில் குரல் சற்றுத் தயங்குகின்றது. இறுதி ஏகாரம் அதனைத் தேற்றமாக நிலைநிறுத்துகின்றது.

நேயர்கள் இப்பாட்டினை வாய்விட்டு ஒருமுறை படிப்பாராக. ஆறுதல் சொல்லும் குரல் ஒன்று செவியில் தெளிவாகக் கேட்கும்.