மோட்டார் நிற்கும்போது சிப் ஏன் தடுமாறுகிறது?

தாம்பரத்தைச் சுற்றி, சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் பல வீடுகள் போர்வெல்லையும் சம்ப்பையும் நம்பியே இருக்கின்றன. மொட்டை மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப். மாதக்கணக்கில் ஒழுங்காக உழைத்த பெட்டி, ஒருநாள் மோட்டார் நிற்கிற நேரம் பார்த்து அசையாமல் நின்றுவிடும். "ஹேங் ஆயிடுச்சு சார்" என்பார் எலக்ட்ரீஷியன். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அப்படியானால் சிப் கெடவில்லை, குழம்பியிருக்கிறது.

ரயில் மேல் சந்தேகம் வரலாம். 1931-இலேயே மின்சார ரயில் வந்த ஊர் தாம்பரம். இன்று தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி. அதில் பறக்கும் பொறியும் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும்தான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்து, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரை. அதன் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால், துண்டித்த முனைகளில் மின்னழுத்தம் எகிறிப் பொறி பறக்கும். அணைந்து அணைந்து பற்றும் அந்தப் பொறி, சில நானோநொடிகளில் உயரும் துடிப்புகளைக் கூட்டமாகக் கம்பிகளில் ஏற்றிவிடும். 5 வோல்ட்டிலோ 3.3 வோல்ட்டிலோ ஓடும் சிப், அதில் ஒன்றைக் கடிகாரத் துடிப்பாக எடுத்துக்கொண்டால் போதும், கட்டளையைத் தப்பாகப் படித்து நிரல் தடம் மாறிவிடும்.

ஐஇசி 61000-4-4 என்ற சோதனை இதையே செயற்கையாகச் செய்கிறது: 5 நானோநொடியில் ஏறி 50 நானோநொடி நீடிக்கும் துடிப்புகள். தரமணியில் உள்ள மத்திய அரசின் சமீர் மையம் மின்காந்த இடையூறுச் சோதனைகளுக்கென்றே பெயர்பெற்றது. சோதனையில் கருவி தடுமாறி, தானே மீண்டால் 'பி' தரம். ஆள் வந்து அணைத்துப் போட வேண்டுமென்றால் 'சி'. நம் எலக்ட்ரீஷியன் தருவது 'சி' சான்றிதழ்!

இதில் சிப்பை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீர்மட்ட சென்சார் கம்பியே நல்ல ஏரியல். அதை மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் இழுத்துவிடுகிறோம். இரண்டையும் பிரிப்பது, கான்டாக்டர் சுருளுக்குக் குறுக்கே, எகிறும் மின்னழுத்தத்தை அடக்கும் ஸ்னப்பர் போடுவது, சிப்பின் மின்கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைப்பது எல்லாமே சில ரூபாய் சமாசாரம்.

நிரல் நின்றுபோனால் சிப்பைத் தானாக ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமர் அநேகமாக எல்லாச் சிப்பிலும் இருக்கிறது. அதை இயக்கினால் மட்டும் போதாது. ரீசெட்டுக்குப் பிறகு தொட்டியிலும் போர்வெல்லிலும் தண்ணீர் அளவைப் பார்க்காமல் மோட்டாரைப் போடக் கூடாது. போட்டால் கன்ட்ரோலர் பிழைத்துக்கொள்ளும், வறண்ட போர்வெல்லில் ஓடும் மோட்டார் எரிந்துவிடும்.