தொழில் தொடங்கும் ஆர்வமும் மனப்பாங்கும்

புதிதாக ஒரு தொழில் தொடங்க வேண்டும் என்ற ஆவல் விவசாயிகள் பலரிடமும் இருக்கிறது. பணமும் துணிச்சலும் இருந்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். துணிச்சலைப் பற்றிய பகுதி அவ்வளவு சரியன்று.

அமெரிக்க உளவியல் அறிஞர் டேவிட் மெக்கிலெலண்ட் இதனை ஒரு வளைய விளையாட்டின் மூலம் விளக்கினார். நட்டு வைத்த குச்சியில் வளையம் எறிய வேண்டும். எங்கு நின்று எறிவது என்பது அவரவர் விருப்பம். சிலர் குச்சியை ஒட்டியே நிற்பர். சிலர் வெகுதூரம் தள்ளி நிற்பர், விழுந்தால் அதிர்ஷ்டம். சாதிக்கும் வேட்கை மிகுந்தவர்களோ, முயன்றால் விழக்கூடிய நடுத்தூரத்தைத் தேர்ந்தெடுப்பர். இந்த வேட்கையைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்று அறிய, 1964-இல் காக்கிநாடா வணிகர்களுக்கு ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிலையத்தில் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடக் கூடுதலாகப் புதிய தொழில்களைத் தொடங்கினர். ஆகவே இது பிறவிக் குணம் மட்டுமன்று.

பொதுநல முயற்சியிலும் இதைக் காணலாம். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை 11 படுக்கைகளுடன்தான் தொடங்கினார்.

திருப்பாலைக்குடி வட்டார மானாவாரி விவசாயிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. விளைந்தாலும் மழை, பொய்த்தாலும் மழை. தன் உழைப்பின் பலன் எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. இங்கே ஆர்வம் மங்குவது சோம்பலால் அன்று.

பாக் விரிகுடாக் கரையில் மகளிர் வளர்க்கும் 'பெப்சி பாசி' இதற்கு மாறானது. 3 மீட்டர் சதுர மூங்கில் மிதவையில் கட்டினால் சுமார் 45 நாளில் அறுவடை. கட்டிய எடையும் அறுத்த எடையும் கண்ணெதிரே தெரியும். எனினும் 2013-இல் கடல்நீர் சூடேறிப் பாசி பெருமளவில் அழிந்தது. வாங்கிய கடன் முழுவதையும் முதல் சுற்றிலேயே மிதவைகளில் போடுவது, தூரத்தில் நின்று எறிவதுதான்.

இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் வற்றல் முழுவதையும் வழக்கமான வியாபாரிக்கே போடுகிறோம். இது குச்சியை ஒட்டி நிற்பது. ஒரு மூட்டையை மட்டும் தூளாக்கி, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, விற்றுப் பார்க்கலாம். அரைவைக் கூலி, பை, பஸ் கட்டணம், வீட்டாரின் உழைப்பு எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். பெரும்பாலோர் கடைசியானதை எழுதுவதே இல்லை. அதையும் கழித்து மிச்சம் நின்றால், அடுத்த ஆண்டு மூன்று மூட்டை அரைக்கலாம்.