திறமூல இயங்குதள ஆவணமாக்கத்தில் தொடக்கநிலைப் பயனரின் பங்கு: ஃப்ரீபிஎஸ்டி கையேட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திறமூல இயங்குதளங்களின் கையேடுகளைத் திருத்துவதற்கு அத்தளங்களை நன்கறிந்த வல்லுநரே தகுதியுடையவர் என்னும் கருத்து பரவலாக உள்ளது. கையேட்டுப் பிழைகளுள் ஒருவகை தொடக்கநிலைப் பயனருக்கே எளிதில் புலப்படுவது என்பதை ஃப்ரீபிஎஸ்டி திட்டத்தின் நடைமுறைகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திறமூலம், இயங்குதளம், ஆவணமாக்கம், கையேடு, ஃப்ரீபிஎஸ்டி.

முன்னுரை

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான பிஎஸ்டி மரபிலிருந்து கிளைத்தது ஃப்ரீபிஎஸ்டி. இதன் முதல் வெளியீடு 1993ஆம் ஆண்டு வந்தது. மூலநிரலைப் போலவே இதன் கையேடும் எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் இசைவளிக்கும் உரிமத்துடன் வழங்கப்படுகிறது. திட்டத்தின் களஞ்சியம் மூலநிரல், பிற மென்பொருள்களுக்கான போர்ட்ஸ் தொகுப்பு, ஆவணம் என மூன்றாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஆவணப் பகுதிக்கெனத் தனியே எழுதும் உரிமை வழங்கப்படுவதால், ஒரு வரி நிரலும் எழுதாதவர் அவ்வுரிமையைப் பெற இயலும்.

வல்லுநர் காணாத பிழை

2023 நவம்பரில் வெளிவந்த 14.0 பதிப்பில், ‘ரூட்’ எனப்படும் முதன்மைப் பயனருக்குரிய ஷெல் மாற்றப்பட்டது. அதுவரை இருந்தது சி-ஷெல். அதன் இடத்திற்கு எஸ்எச் ஷெல் வந்தது. சூழல் மாறி ஒன்றற்கு மதிப்பளிக்க முன்னதில் ‘செட்என்வ்’ என்னும் கட்டளையும் பின்னதில் ‘எக்ஸ்போர்ட்’ என்னும் கட்டளையும் பயன்படும். பழைய பக்கம் ஒன்றில் ‘செட்என்வ்’ என்றே இருப்பின், அதைக் கண்டவாறே தட்டச்சு செய்யும் புதியவருக்கு அப்படியொரு கட்டளை இல்லை என்னும் செய்தியே கிடைக்கும். வல்லுநருக்கோ அங்கே பிழை இருப்பதே தெரிவதில்லை. அவர் அப்பக்கத்தைப் படிப்பதுமில்லை. படித்தாலும் கை தானாகவே சரியான கட்டளையைத் தட்டிவிடும்.

குறியீட்டு மரபுகளிலும் இதே நிலை உண்டு. கட்டளைக்கு முன் ‘#’ இருந்தால் ரூட் பயனராகவும், ‘%’ இருந்தால் பொதுப் பயனராகவும் அதனை இயக்க வேண்டும். கையேட்டின் முன்னுரை இதனைக் கூறுகிறது. ஆனால் தேடுபொறி வழியாக நடுப்பக்கம் ஒன்றில் வந்து இறங்குபவர் முன்னுரையைப் படித்திருப்பார் என எதிர்பார்க்க இயலாது.

வட்டுகளைப் பற்றிய பகுதிகளில் பிழையின் விலை மிகுதி. சாட்டா வகை வட்டு ‘ஏடிஏ0’ என்றும், என்விஎம்இ வகை வட்டு ‘என்டிஏ0’ என்றும் பெயர் பெறுவதுண்டு. எடுத்துக்காட்டில் உள்ள பெயரைத் தம் கணினிக்கு ஏற்ப மாற்றாமல், வட்டின் பகிர்வு அட்டவணையை அழிக்கும் கட்டளையை இயக்குபவர் தம் தரவு முழுவதையும் இழக்கக்கூடும். ‘இப்பெயர் உங்கள் கணினியில் வேறாக இருக்கலாம், முதலில் சரிபார்க்கவும்’ என்னும் ஒரு வாக்கியத்தின் தேவையை, அவ்விடத்தில் தயங்கி நின்றவரே நன்கு உணர்வார்.

எழுத்து விதிகளும் அவற்றின் காரணங்களும்

முன்னர் இக்கையேடு டாக்புக் எனும் குறிமொழியில் எழுதப்பட்டது. ஒவ்வொரு பத்தியையும் தொடக்க, முடிவுக் குறிகளுக்குள் அடைக்க வேண்டியிருந்தமையால், எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்த வந்தவரும் குறிமொழியைக் கற்க நேர்ந்தது. 2021 ஜனவரியில் ஆவணங்கள் ஆஸ்கிடாக் வடிவத்திற்கு மாற்றப்பட்டன. இது ஏறக்குறைய வெற்று உரை போன்றது.

புதியவர்க்கு வியப்பளிக்கும் விதி ஒன்றுண்டு: மூலக்கோப்பில் ஒவ்வொரு வாக்கியமும் புதிய வரியில் தொடங்க வேண்டும். கோப்புகளின் வரலாற்றைப் பேணும் கிட் மென்பொருள் மாற்றங்களை வரிவரியாகவே ஒப்பிட்டுக் காட்டுகிறது. பத்தி முழுவதும் ஒரே வரியாக இருந்தால், ஒரு சொல் மாறினும் பத்தி முழுவதும் மாறியதாகத் தோன்றும். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தரும் பதிப்பாசிரியரின் பணியை அறிந்தோர்க்கு இதன் பயன் எளிதில் விளங்கும். இவ்வாறே, வெற்றிடத்தைச் சீர்செய்யும் மாற்றமும் பொருளை மாற்றும் திருத்தமும் தனித்தனியே அளிக்கப்பட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் முன்னதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடலாம் என்பதே இதற்குக் காரணம். சுருக்க வடிவங்களைத் தவிர்த்தல் போன்ற நடை விதிகளும் உள. அவை பழகப் பழக வந்துவிடும்.

மதிப்பாய்வு

பிழையைக் கண்டவர் அதனைப் பக்சில்லாவில் அறிக்கையாகப் பதியலாம்; அல்லது திருத்தத்தையே எழுதி மதிப்பாய்வுக்கு அனுப்பலாம். முதலாவதைத் தாழ்வாகக் கருதுவோர் உளர். அக்கருத்து இக்கட்டுரையாசிரியர்க்கு உடன்பாடன்று. காரணம் அறியாமல் செய்யப்படும் திருத்தத்தைவிடத் தெளிவான அறிக்கை மேலானது. மேலும், புதியவர் இடறிய இடத்தைச் சரியாகக் கூறினாலும், அதற்கு அவர் கண்டறிந்த தீர்வு தவறாக இருக்கலாம். மதிப்பாய்வின் தேவை இங்கேதான் எழுகிறது. எழுதும் உரிமை பெற்ற பின்னரும், வழிகாட்டி ஒருவர் விடுவிக்கும்வரை புதிய உறுப்பினர் அவருடைய ஒப்புதலுடனேயே மாற்றங்களைச் சேர்க்க வேண்டும். ஆகவே திருத்தம் திருப்பி அனுப்பப்படுவதை இழிவாகக் கொள்ள வேண்டியதில்லை.

தொடக்கநிலைப் பார்வை நெடுநாள் நிலைப்பதன்று. சில மாதப் பழக்கத்தில் அவரும் வல்லுநரைப் போலவே பிழைகளைக் காணாமல் கடக்கத் தொடங்குவார். எனவே நிறுவும் நாளிலேயே குறிப்பெடுத்தல் நன்று. பதிப்பு எண், தட்டச்சு செய்த கட்டளை, திரையில் தோன்றிய செய்தி ஆகிய மூன்றும் அக்குறிப்பில் இருப்பின், மதிப்பாய்வாளர் அதே நிலையைத் தம் கணினியில் மீண்டும் உருவாக்கிப் பார்க்க இயலும்.