ஒன்பது, இருபது, முப்பது: பட்டாளத்தின் ஆண்டுக் கணக்கு

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றும் ஒரு பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர் அது. இப்படிப்பட்ட ஊர்களில் குடியரசு தினக் கொடியேற்றத்துக்கு முன்னாள் படைவீரர்கள் பதக்கம் குத்திக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒரே ஆண்டில் ஆள்சேர்ப்புக்குப் போய், ஒரே ரெஜிமெண்டில் வேலை பார்த்த இருவரில் ஒருவர் சுபேதாராக ஓய்வு பெற்றிருப்பார். மற்றவர் சிப்பாயாகவே திரும்பியிருப்பார். சுபேதார் மார்பில் இரண்டு நீண்ட சேவைப் பதக்கங்கள், சிப்பாய் மார்பில் ஒன்று. சிப்பாய் ஏதோ தப்புத்தண்டா செய்திருப்பார், அதனால்தான் இரண்டாவது கிடைக்கவில்லை என்று ஊர் நினைத்துக்கொள்ளும். அந்த நினைப்பில் உண்மை இல்லை.

இந்திய முப்படைகளிலும் நீண்ட சேவைக்கான பதக்கங்கள் மூன்று: 9 ஆண்டு, 20 ஆண்டு, 30 ஆண்டு. ஜெனரலுக்கு ஒன்று, ஜவானுக்கு வேறொன்று என்ற பேதம் இவற்றில் இல்லை. வீரச் செயலுக்காக யாரோ சிபாரிசு செய்து, யாரோ தேர்ந்தெடுத்துத் தருபவையும் அல்ல. விதிப்படி கணக்கில் சேரும் சேவை அத்தனை ஆண்டு நிறைந்தால் பதக்கம் உண்டு.

இந்தச் சமத்துவம் சாதாரணமானதல்ல. பிரிட்டனில் தரைப்படைக்கான நீண்ட சேவை, நன்னடத்தைப் பதக்கத்தை நான்காம் வில்லியம் மன்னர் 1830-இல் தொடங்கினார். காலாட்படைக்காரர் 21 ஆண்டு, குதிரைப்படைக்காரர் 24 ஆண்டு சேவை செய்தால் கிடைக்கும். அதிகாரிகளுக்கு அது கிடையாது. அதிகாரிக்கு நன்னடத்தை தானாகவே இருக்கும், அதற்குச் சான்று எதற்கு என்பது அந்தக் காலத்து எண்ணம். சிப்பாயாகச் சேர்ந்து, நெடுநாள் சேவை செய்து அதிகாரியானவர்கள் போன்ற விலக்குகள் தவிர, இந்த வேலி 2016 வரை நின்றது. பிறகுதான் 15 ஆண்டு முடித்த அதிகாரிகளுக்கும் திறந்துவிட்டார்கள். அதுவும் 2014 ஜூலை 29 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இருந்தவர்களுக்கு மட்டும். அதற்கு முந்தைய நாள் ஓய்வு பெற்றவருக்கு ஒன்றும் இல்லை.

இந்தியாவில் பதக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதை எட்டும் வாய்ப்பு ஒன்றல்ல. 2022-இல் அக்னிபத் திட்டம் வருவதற்கு முன்பு சேர்ந்து, பதவி உயர்வு கிடைக்காத சிப்பாயின் பணிக்காலம் 17 ஆண்டு. ஈராண்டு நீட்டிப்புக் கிடைத்தால் 19. இருபதாண்டுப் பதக்கத்துக்கு ஒரே ஒரு ஆண்டு இருக்கும்போது அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நாயக்குக்கு 24, ஹவில்தாருக்கு 26, சுபேதாருக்கு 30 என்று நீட்டிப்போடு சேர்த்து இந்த வரம்பு ஏறிக்கொண்டே போகும். இளம் வயதில் அதிகாரியாகி, 54 வயது வரை பணியில் இருக்கும் கர்னலுக்கு முப்பதாண்டு பெரிய தூரமில்லை. சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் சுபேதார் மேஜர் வரை உயர்ந்த சிலருக்குத்தான் அது சுலபமாகக் கைக்கு வரும்.

படைக்குப் படையும் கணக்கு மாறும். அக்னிபத் திட்டத்துக்கு முன்பு விமானப்படையில் ஏர்மேனாகச் சேர்ந்தவரின் முதல் ஒப்பந்தமே 20 ஆண்டு. கடற்படையின் சாதாரண மாலுமிக்கு அப்போது முதல் ஒப்பந்தம் 15 ஆண்டுதான். மறு ஒப்பந்தம் கிடைத்தால் ஒழிய இருபதைத் தொட முடியாது. குறுகிய கால கமிஷனில் வரும் அதிகாரி 10 ஆண்டு பணியாற்றி, நீட்டிப்பு வாங்கினாலும், நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் 14-இல் வெளியேற வேண்டும். தரைப்படையின் பல பிரிவுகளில் பெண் அதிகாரிகளுக்கு இந்த ஒரு வாசல்தான் திறந்திருந்தது. 2020 பிப்ரவரி 17 அன்று பபிதா புனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் நிரந்தரப் பணிக்கு வழிவிட்டபோது, இருபதாண்டுப் பதக்கத்துக்கும் சேர்த்தே வழி திறந்தது. 2022-இல் வந்த அக்னிபத்தில் நான்கே ஆண்டு. நிரந்தரப் படைக்குத் தேர்வாகும் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரைத் தவிர, மற்றவர்களுக்கு ஒன்பதாண்டுப் பதக்கம்கூட எட்டாது. சேரப்போகும் பிள்ளைகளும் பெற்றோரும் இதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுவது நல்லது.

பிராந்திய ராணுவம் எனப்படும் டெரிட்டோரியல் ஆர்மிக்குத் தனிப் பதக்கங்கள் இருக்கின்றன. அதிகாரிகளுக்கு 20 ஆண்டு, மற்றவர்களுக்கு 12 ஆண்டு.

குழப்பம் அதிகம் வரும் இடம் வேறு. நீண்ட சேவை, நன்னடத்தைப் பதக்கம் என்று தனியாக ஒன்று உண்டு. ஹவில்தாருக்குக் கீழே இருப்பவர்களுக்கு 15 ஆண்டு சேவைக்குப் பிறகு தரப்படுவது அது. ஹவில்தார் நிலையில் இருப்பவர்களுக்கு 18 ஆண்டுக்குப் பிறகு தகுதிச் சேவைப் பதக்கம். இவை இரண்டும் ஆண்டு நிறைந்ததும் தானாக வருபவை அல்ல. நடத்தைப் பதிவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தருபவை. பட்டாளத்தில் ‘ரெட் இங்க் என்ட்ரி’ என்பார்களே, தண்டனையைப் பதியும் அந்தச் சிவப்பு மைக் குறிப்பு இருந்தால் தேர்வில் அடிபடும். ஆகவே 15 ஆண்டு முடித்தும் நன்னடத்தைப் பதக்கம் வராதவர், தன் உரிமை பறிபோனதாக உடனே முடிவுக்கு வரக் கூடாது. ஒன்பதாண்டுப் பதக்கம் வராதவர் சும்மாவும் இருக்கக் கூடாது.

கேட்க வேண்டிய இடம் ரிக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்களுக்கு நீலகிரியில் வெலிங்டன். விமானப்படை வீரர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க். மாலுமிகளுக்கு மும்பை மான்குர்தில் உள்ள மாலுமிகள் பணியகம். விண்ணப்பத்தில் படை எண், பதவி, சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலையும் இணைக்க வேண்டும். அந்தப் புத்தகத்தில் பதக்கங்களுக்கென்று ஓர் இடம் உண்டு. பணி முடித்து வெளியேறும் நாளில் பென்ஷன் தாளைப் புரட்டிப் பார்ப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. விடுபட்டிருந்தால் யூனிட்டில் இருக்கும்போதே சொல்லித் திருத்துவது எளிது; வீரர் இறந்த பிறகு மனைவி திருத்தப் போனால் அலைச்சல்தான். எழுதத் தயங்குபவர்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கிடைக்கும்.

காகிதத்தை வீட்டில் வைத்திருப்பது ஏன் அவசியம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் நடந்தது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே இருந்த படைவீரர் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு போயிற்று. அந்தக் குடும்பங்கள் பழைய சம்பளச் சீட்டு, மருத்துவமனைச் சீட்டு என்று தேடித் தேடித்தான் தங்கள் வீட்டு ஆள் படையில் இருந்ததையே நிறுவ வேண்டியிருந்தது.

ரிக்கார்ட் ஆபீஸிலிருந்து பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. பணியில் இருப்பவர், தரைப்படைச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி மேலதிகாரியிடம் முறையீடு செய்யலாம். அதிகாரிகளுக்கு 27-ஆம் பிரிவு. இந்தப் படிகளைத் தாண்டியும் தீர்வு இல்லையென்றால், ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 2009-இல் செயல்படத் தொடங்கிய அதற்குச் சென்னையிலும் கிளை உண்டு. ஓய்வு பெற்றவர்களும், இறந்தவரின் வாரிசுகளும் அங்கே போகலாம். இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் தீர்ப்பாயம் மன்னிக்கலாம். ஆனால் அதை நம்பிக் காலம் தாழ்த்துவது ஆபத்து. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை ஆகியவற்றைச் சேர்ந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பாயம் இல்லை. அவர்கள் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. வீரதீர விருதுகளுக்கு மாதப் படி உண்டு. 9, 20, 30 ஆண்டுப் பதக்கங்களுக்குக் கிடையாது. “விட்டுப்போன பதக்கத்தை ஏற்றித் தருகிறேன், பென்ஷன் கூடும்” என்று எவராவது முன்பணம் கேட்டால் அது மோசடி. படை முகாம்களை ஒட்டிய கடைகளில் நகல் பதக்கம் விலைக்குக் கிடைக்கும். அசல் வந்து சேரத் தாமதமாவதால் உரியவர்களே வாங்கிக் குத்திக்கொள்வதும் உண்டு. ஆனால் படையில் இல்லாத ஒருவர், படைவீரர் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு சீருடையோ அடையாளச் சின்னமோ அணிந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.